ஆறிப்போன சக்கரம்

லோயர்கேம்ப்பைத் தாண்டிக் குமுளி மலைச்சாலையில் ஏறுகிறவர்கள் கண்ணில், சரிவை ஒட்டிக் கீழிறங்கும் அந்தத் தடித்த இரும்புக் குழாய்கள் படாமல் போகாது. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி, குழாய்களில் பாய்ந்து, அடிவார மின்நிலையத்தின் டர்பைன்களைச் சுற்றிவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் போகிறது. அதே மலையில்தான் லாரிகளும் பேருந்துகளும் இறங்குகின்றன. இயற்பியலுக்கு இரண்டும் ஒரே காரியம். உயரத்தில் இருந்த எடை கீழே வருகிறது. வரும்போது தன்னிடம் சேர்ந்திருந்த ஆற்றலை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். தண்ணீரிடமிருந்து டர்பைன் வாங்கிக்கொள்கிறது. லாரியிடமிருந்து வாங்கிக்கொள்ள நான்கு டிரம்களும் எட்டு பிரேக் ஷூக்களும் இருக்கின்றன.

தேனி, சின்னமனூர், கம்பம், போடி சாலையோரத்து லாரிப் பட்டறைகளின் வேலையில் பெரும்பங்கு இந்த டிரம்களைச் சுற்றியே நடக்கிறது. கனரக வண்டி மெக்கானிக் என்றால் எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவர் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். மலையடிவாரத்து மெக்கானிக்கின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. சூடு எங்கே பிறந்தது, எங்கே போனது, எந்தச் சக்கரத்தில் பிறக்கவே இல்லை என்று கண்டுபிடிப்பதில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போடிமெட்டு கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 4,500 அடி. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இறங்கினால் அடிவாரத்து முந்தல். உயர வித்தியாசத்தை ஆயிரம் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சரக்கோடு 16 டன் நிற்கும் ஓர் ஆறு சக்கர லாரி இறங்குகிறது. நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் வருவது 157 மெகாஜூல். மின்வாரிய மொழியில் சொன்னால் 43 யூனிட்டுக்கு மேல். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக இறங்கினால் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். அவ்வளவு நேரமும் விநாடிக்கு 54 கிலோஜூல் வீதம், அதாவது 54 கிலோவாட், எங்காவது போய்க்கொண்டே இருக்க வேண்டும். குதிரைத்திறனில் எழுபதுக்கு மேல். மலை ஏறும்போது எஞ்சின் பாடுபட்டு வாங்கிய கடனை மலை திருப்பிக் கேட்கிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு பங்கை டயரின் உருள் உராய்வும் காற்றும் தின்றுவிடும். ஐந்தில் ஒரு பங்கு அப்படிப் போனது என்றே கொள்வோம். மீதி 125 மெகாஜூல். டிரம் ஒன்று 45 கிலோ என்றால் நான்கும் சேர்ந்து 180 கிலோ வார்ப்பிரும்பு. இந்த ஆற்றல் முழுவதும் அந்த இரும்புக்குள் போய் வெளியேறாமல் தங்கினால் வெப்பநிலை கிட்டத்தட்ட 1,400 டிகிரி செல்சியஸ் ஏறும். வார்ப்பிரும்பு 1,200 டிகிரியைத் தொடுவதற்குள் உருகிவிடும். ஆகவே மலையில் பிரேக் என்பது நிறுத்துகிற கருவி என்பதைவிட, சூட்டைக் காற்றில் கைமாற்றி விடுகிற கருவி என்று சொல்வதே சரி. எவ்வளவு பிடித்தது என்பது பெரிய கேள்வி இல்லை; பிறந்த சூடு பிறந்த வேகத்திலேயே வெளியேறியதா என்பதே கேள்வி.

இங்கேதான் மெக்கானிக்கின் கை வருகிறது. மலை இறங்கி வந்த வண்டி பட்டறை வாசலில் நின்றதும், அனுபவசாலி முதலில் பானட்டைத் திறப்பதில்லை. வண்டியை ஒரு சுற்று வருவார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே ஓர் அங்குலம் தள்ளிப் புறங்கையைக் காட்டுவார். உள்ளங்கையைக் காட்ட மாட்டார். சுட்டால் மறுநாள் ஸ்பேனர் பிடிக்க வேண்டுமே. இப்போது சிலர் கையடக்க வெப்பமானியை நீட்டி அளக்கிறார்கள். எண் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று சக்கரம் அனல் வீசி, ஒன்று மட்டும் ஆறிப்போய் இருந்தால் குற்றவாளி எது? புதிதாகச் சேர்ந்த பையன் அனல் வீசுகிற சக்கரத்தைக் கழற்ற ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். ஆனால் கழற்ற வேண்டியது ஆறிப்போன சக்கரத்தை. மூன்றும் மலையோடு மல்லுக்கட்டிக் களைத்திருக்கின்றன. நான்காவது ஒன்றும் செய்யாமல் சும்மா உருண்டு வந்திருக்கிறது. அதன் பங்கையும் மற்ற மூன்றும் சுமந்ததால்தான் அவ்வளவு சூடு.

இதே அடையாளம் சமவெளியில் நேர்மாறாகப் பேசும். ஆண்டிபட்டிப் பக்கமிருந்து பிரேக்கை அதிகம் தொடாமல் ஓடிவந்த வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சுட்டால், அதுதான் நோய்ப்பட்ட சக்கரம்: ஷூ திரும்பி வராமல் டிரம்மை உரசிக்கொண்டே வந்திருக்கும், அல்லது பேரிங் போயிருக்கும். ஆகவே வண்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் சூட்டுக்கு அர்த்தம் சொல்ல முடியாது. நல்ல மெக்கானிக் "என்ன கம்ப்ளெயிண்ட்?" என்பதற்கு முன்னால் "எந்த மேட்டுல இருந்து வர்றீங்க?" என்று கேட்பது இதனால்தான்.

சக்கரம் ஏன் ஆறிப்போகிறது? இதைப் புரிந்துகொள்ள ஏர் பிரேக்கின் வயிற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டும். எஞ்சினோடு சுழலும் கம்ப்ரஸர் காற்றை அமுக்கித் தொட்டிகளில் சேர்க்கிறது. சுமார் எட்டு பார். டிரைவர்கள் வாயில் "எட்டுக் கிலோ ஏர்". பெடலை மிதித்தால் அந்தக் காற்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ள சேம்பருக்குள் பாய்ந்து ரப்பர் டயாஃப்ரத்தைத் தள்ளும். டயாஃப்ரம் ஒரு ராடைத் தள்ளும். ராடு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்னும் நெம்புகோலைத் திருப்பும். நெம்புகோல், எஸ் எழுத்தைப் போல் வளைந்த கேமைச் சுழற்றும். கேம் இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மின் உட்சுவரில் அமுக்கும்.

கவனிக்க வேண்டியது ராடு ஓடும் தூரம். லாரிகளில் பரவலாக இருக்கும் சேம்பர்களில் ராடு மொத்தமாக ஓடக்கூடியது இரண்டரை அங்குலம், சுமார் 63 மில்லிமீட்டர். அதற்கு மேல் டயாஃப்ரம் சுவரில் முட்டி நின்றுவிடும். எவ்வளவு காற்று வந்தாலும் ஷூவுக்குப் பலம் போகாது. லைனிங் தேயத் தேய, டிரம்மைத் தொட ராடு அதிக தூரம் ஓட வேண்டிவரும். தரையில், ஆறிய நிலையில், அது 55 மில்லிமீட்டர் ஓடிப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி நிற்கும். டிரைவருக்குச் சந்தேகமே வராது.

இப்போது மலை. 410 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் 300 டிகிரி கூடுதலாகச் சூடானால், வார்ப்பிரும்பின் விரிவுக் கணக்குப்படி விட்டம் 1.3 மில்லிமீட்டருக்கு மேல் பெருக்கும். ஒரு பக்கத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விரல் நகத்தின் கனத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் கேமும் நெம்புகோலும் சேர்ந்து அந்த இடைவெளியைப் பத்துப் பன்னிரண்டு மடங்காக்கி ராடிடம் கேட்கின்றன. கூடுதலாக ஏழெட்டு மில்லிமீட்டர். ஐம்பத்தைந்தோடு எட்டைக் கூட்டினால் அறுபத்து மூன்று. ராடு எல்லையில் முட்டுகிறது. டிரம் சூட்டில் விலகி ஓடுகிறது, ஷூ அதைப் பிடிக்க முடியாமல் பின்தங்கிவிடுகிறது. வண்டி ஓட ஓட அந்தச் சக்கரம் ஆறுகிறது; மற்றவை இன்னும் சூடாகின்றன; அவற்றின் டிரம்களும் விரிகின்றன. அடுத்து எது முட்டப்போகிறது என்பது அட்ஜஸ்ட்மெண்ட்டைப் பொறுத்தது.

இதில் கொடுமை, டிரைவரின் காலுக்கு எதுவும் தெரியாது. காரில் பிரேக் எண்ணெய் இருப்பதால், இடைவெளி கூடினால் பெடல் கீழே போகும், கால் உணரும். ஏர் பிரேக்கில் கால் திறப்பது ஒரு வால்வை மட்டுமே. "பெடல் நல்லாத்தாண்ணே இருக்கு, வண்டிதான் நிக்க மாட்டேங்குது" என்று டிரைவர் சொல்வதை அவருடைய சாக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இயந்திரத்தின் அமைப்பையே அவர் அப்படியே வர்ணிக்கிறார்.

இதற்கு மருந்து, விலையில்லாத பத்து நிமிட வேலை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஏர் முழுசாக ஏறியதும், சேம்பரை விட்டு ராடு வெளியே வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. கேபினில் இருக்கும் பையன் பெடலை அமுக்க, கோடு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். அதிகம் ஓடினால் ஸ்லாக் அட்ஜஸ்டரின் நட்டைத் திருகி, லைனிங் டிரம்மைத் தொடும் வரை கொண்டுவந்து, கால் சுற்றோ அரைச் சுற்றோ பின்னால் விட வேண்டும். இன்று வரும் வண்டிகளில் தானே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர்கள் உண்டு. நல்ல கண்டுபிடிப்புதான், ஆனால் எனக்கு அதில் ஒரு வருத்தம். தானியங்கி அட்ஜஸ்டர் உள்ள சக்கரத்தில் ராடு அதிகம் ஓடுகிறது என்றால் அட்ஜஸ்டரோ, கேம் புஷ்ஷோ, வேறெதுவோ கெட்டிருக்கிறது என்று பொருள். பழக்க தோஷத்தில் நட்டைத் திருகி அனுப்பிவிட்டால் அளவு அன்றைக்குச் சரியாகிவிடும், நோய் அப்படியே மலை ஏறும்.

டிரம்மைக் கழற்றினால் அதன் உட்சுவரே சூட்டின் சரித்திரத்தைக் காட்டும். சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் நல்லது. அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தால் அந்த இடம் பல நூறு டிகிரி கண்டு, சட்டென்று குளிர்ந்து, கடினப்பட்டிருக்கிறது. மயிரிழை விரிசல்கள் சூட்டுக்கும் குளிருக்கும் மாறி மாறி விரிந்து சுருங்கியதன் தழும்பு. விரிசல் விளிம்பு வரை ஓடியிருந்தால் டிரம் பழைய இரும்புக் கடைக்குத்தான். இதனால்தான் அடிவாரத்தில் நிறுத்தி டிரம்மில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை மெக்கானிக்குகள் திட்டுகிறார்கள். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மேற்தோல் மட்டும் திடீரெனச் சுருங்கினால் அங்கே இழுவை பிறந்து இரும்பு வெடிக்கும். அவசரம் இருந்தாலும் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புவதே நல்லது.

லைனிங்குக்கும் தன் பங்குக்கு ஒரு பலவீனம் உண்டு. இழைகள், உலோகத் தூள், நிரப்பிகள் எல்லாவற்றையும் ஃபீனாலிக் பிசின் கட்டிப் பிடித்திருக்கிறது. சுமார் 300 டிகிரியைத் தாண்டும்போது பிசின் சிதைந்து வாயுவாகக் கிளம்பும். அந்த வாயு லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே மெல்லிய படலமாகப் புகுந்துகொள்ள, காய்ந்த தோசைக்கல்லில் நீர்த்துளி ஒட்டாமல் உருள்வதுபோல ஷூ டிரம்மின்மேல் வழுக்கும். உராய்வு பாதியாகக் குறையலாம். ஆறியபின் பார்த்தால் லைனிங்கின் முகம் கண்ணாடியாய் மினுங்கும். "கிளேஸ் ஆயிடுச்சு" என்பார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மினுமினுப்பை எடுத்து ஓட்டுவது ஒருநாள் தீர்வு. உள்ளே பிசின் வெந்துபோயிருந்தால் லைனிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும்.

டிரம் கடைவது இன்னொரு விஷயம். மேடு பள்ளமான டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடைந்தால் புதிது போல ஆகும், செலவும் குறைவு. ஆனால் கடையும் ஒவ்வொரு முறையும் சூட்டைத் தாங்கிக்கொள்ளும் இரும்பு சுருளாகச் சுருண்டு தரையில் விழுகிறது. மெலிந்த டிரம் அதே இறக்கத்தில் அதிக சூடாகும், அதிகம் விரியும். சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு ஒத்துவரும் கடைசல் மலைக்குப் போகும் வண்டிக்கு ஒத்துவராது. உற்பத்தியாளர் வரம்பு என்று ஓர் அளவைப் போட்டிருப்பார். அதையும் தாண்டி "இன்னொரு தடவை கடைஞ்சு விடுங்க" என்று கேட்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். மறுக்கத் தெரிந்த மெக்கானிக்குக்கு வியாபாரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

பழைய லைனிங்கைக் கழற்றும்போது டிரம்முக்குள் சேர்ந்திருக்கும் கரும்தூளை ஏர் ஹோஸைப் பிடித்து ஊதித் தள்ளுவது பல பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. அதைச் செய்யக் கூடாது. லைனிங்கில் ஒரு காலத்தில் அஸ்பெஸ்டாஸ் இழை பரவலாக இருந்தது. பெரிய நிறுவனங்கள் அதைக் கைவிட்டுவிட்டாலும், கடையில் வாங்கும் மலிவுச் சரக்கில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடே இல்லை. நோய் தலைகாட்ட இருபது முப்பது ஆண்டுகள் ஆகும் என்பதால்தான் ஊதுகிறவர் பயப்படுவதில்லை. தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

காற்றால் பிரேக் போடும் யோசனை ரயிலிலிருந்து வந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் 1869-இல் காப்புரிமை பெற்ற முதல் அமைப்பில் காற்று வந்தால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் ஒன்றுமே பிடிக்காது. சில ஆண்டுகளில் அவரே அதைத் தலைகீழாக்கினார். குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விலகி இருக்கும்; காற்று போனால் தானே பிடித்துக்கொள்ளும். கெட்டுப்போனால் எந்தப் பக்கம் கெட வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைக்கும் அந்தச் சிந்தனைதான் இன்று லாரியின் பின்சக்கரச் சேம்பருக்குள் முரட்டு ஸ்பிரிங்காக உட்கார்ந்திருக்கிறது. காற்று அதை அமுக்கி வைத்திருக்கிறது. அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பூட்டும். அந்தச் சேம்பரை முறையாகப் பூட்டு போடாமல் பிரித்தால் ஸ்பிரிங் ஆளையே கொன்றுவிடும். பட்டறையில் கற்றுக்கொள்ளும் பையனை முதல் வருடம் அதன் பக்கமே விடாதது நியாயம்தான்.

இந்த நுட்பம் தமிழ்நாட்டுக்கு அந்நியமும் இல்லை. சுந்தரம் கிளேட்டன் 1962-இல் சென்னையில் தொடங்கி ஏர் பிரேக் பாகங்களைச் செய்தது. பிரேக்ஸ் இந்தியாவும் அதே ஆண்டில் பிறந்தது. ரானே குழுமம் அதே பத்தாண்டில் லைனிங் தயாரிப்பில் இறங்கியது. இந்தியச் சாலைகளின் பிரேக் வரலாற்றில் பாதியைச் சென்னையின் பாடி, அம்பத்தூர் பகுதிகளிலேயே எழுதிவிடலாம். அங்கே செய்த பாகம் இங்கே மேட்டில் வெந்து, போடியில் பிரிக்கப்படுகிறது.

ஏலத்தோட்டக் கூலியாட்களை விடிகாலையில் இடுக்கி மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப்புகளில் கதை வேறு. அவற்றில் காற்று கிடையாது, எண்ணெய்தான். பிரேக் எண்ணெய்க்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் குழாய் வழியே மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. மூன்றே முக்கால் சதவீதம் அளவுக்குத் தண்ணீர் கலந்தால் தரநிலை உறுதி கொடுக்கும் கொதிநிலை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் வீல் சிலிண்டருக்குள் எண்ணெய் கொதித்து நீராவிக் குமிழ் உண்டானால், கால் அமுக்குவது குமிழைத்தான். வாயு சுருங்கும், ஷூ நகராது, பெடல் தரையைத் தொடும். மேகமூட்டமும் மழையுமாக இருக்கும் மலையில் ஓடும் ஜீப்புக்கு எண்ணெயை ஆண்டுக்கொருமுறை முழுதாக வடித்து மாற்றுவது ஆடம்பரச் செலவில்லை. குறைந்ததை ஊற்றி நிரப்பிக்கொண்டே போவது தண்ணீரைச் சேர்த்து வைப்பதற்குச் சமம்.

இவ்வளவும் டிரம்மில் பிறந்த சூட்டைப் பற்றி. டிரம்மில் பிறக்கவே விடாமல் தடுப்பதே உத்தமம். ஏறின கியரிலேயே இறங்கு என்று மூத்த டிரைவர்கள் சொல்வது அதைத்தான். கியரில் வண்டி எஞ்சினைத் தள்ளிக்கொண்டு இறங்கும்போது, எஞ்சினின் உராய்வும் காற்றை உறிஞ்சித் தள்ளும் உழைப்பும் ஆற்றலைத் தின்கின்றன. அந்தச் சூடு ரேடியேட்டருக்கும் சைலன்சருக்கும் போகும். சூட்டை வெளியேற்றுவதற்கென்றே பிறந்தவை அவை.

டீசல் எஞ்சினுக்கு இதில் ஒரு குறை. பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் காற்றுவழி அடைபட்டு எஞ்சின் மூச்சுத்திணறி இழுக்கும். டீசலில் காற்றுவழி திறந்தே கிடக்கும். பிஸ்டன் மேலே போகும்போது காற்றை அமுக்குகிறது. கீழே வரும்போது அமுங்கிய காற்று ஸ்பிரிங்காக அதைத் திருப்பித் தள்ளிவிடுகிறது. கொடுத்ததை வாங்கிக்கொண்டால் வேகம் எங்கே குறையும்? அதற்காகத்தான் நம் லாரிகளில் சைலன்சர் பைப்பில் ஒரு தட்டு வால்வைப் பொருத்தி எக்ஸாஸ்ட் பிரேக் என்கிறார்கள். புகைவழி அடைபட, எஞ்சின் தன் புகையோடே மல்லுக்கட்டும்.

இதைவிடச் சாமர்த்தியமான வழி ஒன்று பயத்திலிருந்து பிறந்தது. கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்ற எஞ்சின்காரர் 1931-இல் தன் டீசல் லாரியை நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை ஓட்டிக் காட்டினார். கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் கைவிட, அடிவார ரயில்வே கிராஸிங்கில் ஒரு சரக்கு ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அது அவர் மனதை விட்டுப் போகவில்லை. ஓய்வுபெற்ற பிறகு உட்கார்ந்து விடை கண்டார்: பிஸ்டன் காற்றை முழுதாக அமுக்கிய அந்தக் கணத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து காற்றை வெளியே விட்டுவிடு. ஸ்பிரிங் திருப்பித் தள்ள ஒன்றும் மிச்சமிருக்காது. எஞ்சின் வெறும் கம்ப்ரஸராகிவிடும். ஜேகப்ஸ் என்ற நிறுவனம் அதை 1961-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பயந்த மனிதர் முப்பது வருடம் அதையே யோசித்திருக்கிறார்.

இவ்வளவு மெனக்கெட்டுச் செய்து வைத்திருக்க, இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டி வருகிறவர்களை என்ன சொல்வது? கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் பம்ப் டீசலை அறவே நிறுத்திவிடும். எஞ்சினைச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மிச்சம் என்று நினைத்ததே செலவு. பாதி இறக்கத்தில் பயந்துபோய்க் கியரைத் தேடினால், அந்த வேகத்தில் பல் சேராது.

இந்தப் பள்ளத்தாக்கின் சரக்குப் போக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2010 இறுதியில் நின்ற மதுரை–போடி ரயில் 2022-இல் தேனி வரையும் 2023-இல் போடி வரையும் அகலப் பாதையில் திரும்பிவிட்டது. ஆனாலும் மலைக்கு மேலே போக டயர்தான். அரிசி, காய்கறி, எம்-சாண்ட் எல்லாம் இங்கிருந்து மேலே ஏறுகின்றன. கீழே வருவது ஏலம், தேயிலை, மிளகு, மரம். கனத்தில் ஏற்றமே அதிகம். அப்படியானால் இறங்கும் லாரி லேசானது, ஆபத்து குறைவு என்று தோன்றும். ஆனால் குமுளியில் ஏறிய லாரி குமுளியோடு நிற்பதில்லை. பீர்மேடு, குட்டிக்கானம் தாண்டி முண்டக்கயத்துக்கு, முழுச் சரக்கோடு, மேற்குச் சரிவில் இறங்குகிறது. கம்பத்தில் போட்ட அட்ஜஸ்ட்மெண்ட்டுக்குப் பரீட்சை குட்டிக்கானத்துக்கு அப்பால் நடக்கிறது. விடைத்தாள் திருத்துகிற மெக்கானிக் மலையாளத்தில் பேசுவார். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு வரும் வெளியூர்ப் பேருந்துகளும் வேன்களும் சேர்ந்துகொள்ளும். ஊரில் நெடுஞ்சாலையில் மட்டுமே ஓடிய பிரேக்குகள் அவை.

ஒரு காலத்தில் மூணாறுக்கு மேலே டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிப் பக்கம் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் இறங்கின. கம்பிவடத்தில் இறங்கும் பெட்டியின் கனம் ஏறும் பெட்டிக்குக் கைகொடுக்கும், உயரம் வீணாவதில்லை. அதன் இன்றைய வடிவம் சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்கு அருகே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் ஓடுகிறது. பேட்டரி பொருத்திய கோமாட்சு டம்பர் அது. 65 டன் கல்லோடு மலையிலிருந்து இறங்கும். மோட்டாரே ஜெனரேட்டராகிப் பிரேக் பிடித்து பேட்டரியை நிரப்பும். 45 டன் வெற்று உடம்போடு மேலே ஏறும்போது பெரும்பாலும் அந்த மின்சாரமே போதுமானதாக இருக்கிறது. இறங்கும்போது பாரமும் ஏறும்போது வெறுமையும் என்பதுதான் அதன் ரகசியம். நம் பள்ளத்தாக்கில் அது நேர்மாறு. மின்சார லாரி வந்தால் இங்கே ஏற்றத்தின் செலவில் ஒரு பகுதிதான் திரும்பும். ஆனாலும் டிரம்கள் பிழைத்துக்கொள்ளும்.

லாரிப் பட்டறைக்கு அடுத்த கொட்டகையில் நிற்கும் மஞ்சள் வண்டிக்கும் இதே சூட்டுக் கணக்குதான். ஜேசிபி நிறுவனம் இந்தியாவில் தொடங்கியது 1979-இல், ஹரியானாவின் பல்லப்கரில். இன்று எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் நமக்கு ஜேசிபிதான். கண்மாய் தூர் வாரவும், வாழைத் தோட்டத்துக்குக் குழாய் பதிக்கவும், மழையில் போடிமெட்டுச் சாலையில் சரிந்த பாறையை ஒதுக்கவும் அதுவே. ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் 250 பார் அளவில் இருக்கும். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனில் அது கொடுக்கும் தள்ளுவிசை சுமார் 20 டன். பாஸ்கல் சொன்ன விதி பாறையைப் புரட்டுகிறது.

ஆனால் தூக்கிய கையை இறக்கும்போது என்ன ஆகிறது? மண்ணோடு மேலே போன பூம், தன் எடையாலேயே கீழே வர விரும்பும். விழாமல் மெதுவாக வருவதற்கு வால்வு எண்ணெயைக் குறுகிய வழியில் நெருக்கி விடுகிறது. உயரம் மறுபடியும் சூடாகிறது, இந்த முறை எண்ணெய்க்குள். போடிமெட்டு இறக்கத்தைச் சின்னச் சின்னதாக நாள் முழுவதும் இறங்குகிறது இந்த வண்டி. எண்ணெய்க் கூலரின் துடுப்புகளில் செம்மண்ணும் வைக்கோல் தூசும் அடைத்தால் சூடு வெளியே போகாது. எண்ணெய் நீர்த்துப் பிஸ்டனைத் தாண்டிக் கசிய, சீல்கள் கல்லாகும். "காலைல நல்லா வேலை செய்யுது, மத்தியானத்துக்கு மேல இழுக்கலண்ணே" என்று ஆபரேட்டர் வந்து நின்றால், பம்பைப் பிரிப்பதற்கு முன்னால் கூலரை ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்து பார்க்கலாம். ஒரு பெரிய பில் தப்பும். வால்வு ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் இடையே இருப்பது சில மைக்ரான் இடைவெளி. மனித முடி எழுபது மைக்ரான் இருக்கும். திறந்த டப்பாவில் வைத்த எண்ணெயை அழுக்குப் புனலில் ஊற்றும் பட்டறையில் எவ்வளவு கெட்டிக்காரர் வேலை செய்தாலும் பயனில்லை.

கை வைத்துப் பார்த்தே பழகிய லாரி மெக்கானிக், இந்த வண்டிக்கு வரும்போது ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஹைட்ராலிக் ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் கசிவு கண்ணுக்குத் தெரியாது; மெல்லிய மூடுபனியாக இருக்கும். எங்கே என்று தேடிக் கையால் தடவினால், 250 பார் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்துச் சதைக்குள் பாயும். எறும்பு கடித்த மாதிரிப் புள்ளி ஒன்று இருக்கும், முதல் ஒரு மணி நேரம் பெரிதாக வலிக்காது. உள்ளே எண்ணெய் திசுவைக் கொன்றுகொண்டு போகும். தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்க நேரிடும். கசிவைத் தேட ஓர் அட்டையை நீளமாகப் பிடித்து நகர்த்தினால் நனைகிற இடம் காட்டிக்கொடுக்கும். மீறிப் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடரக் கூடாது. உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், சின்னக் காயம் என்று சொல்லாமல், ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது, இத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.